அளவெடுக்காத தர்மம்

ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி கொடுக்க முகாம் போட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வண்டி வேணும் பெரியவரே?" என்பதுதான். எந்த அளவில் வேணும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. பிள்ளைகளின் வலுவிழந்த காலைத் தாங்கும் கேலிப்பர் செய்தே ஆயுசில் பாதிக்கு மேல் கழித்தவன் நான். வீடு மீஞ்சூரில்; வேலை பட்டணத்தில், ஒரு தர்மப் பட்டறையில். காலையில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, பெரியமேட்டில் தோல் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போவேன். இப்போது வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட், அதில் ரிப்பேர் வேலை மட்டும். கேலிப்பர் தொழில் எப்படி வந்தது, எப்படிப் போனது, அதற்குக் காசு கொடுத்தவர்கள் எதற்குக் கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்பதை எழுதி வைக்க ஆள் இல்லை. தெரிந்தவரை நான் எழுதுகிறேன்.

வடசென்னையில் தர்மத்துக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் தொடங்கியது 1782இல். ஹைதர் அலியோடு கம்பெனி நடத்திய சண்டையில் சுற்றுப்பட்டெல்லாம் பட்டினி. பட்டணத்துக்குள் வந்து விழுந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றத் திறந்த இடம் அது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை வைத்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1971இல் அங்கே டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் மெஷினுக்குள் கை போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கஞ்சி, மருந்து, ஆபரேஷன் எல்லாம் நம் ஊர் தர்மத்துக்குப் பழக்கமானவை. கஞ்சி ஊற்ற ஒரே கரண்டி போதும், யார் தட்டானாலும். பிள்ளை காலில் மாட்டுகிற கம்பிக்கு அந்தப் பிள்ளையின் அளவு வேண்டும். கால் வளர்ந்ததும் மறுபடி அளவு வேண்டும். அந்த இரண்டாவது அளவுக்கு ஆகும் செலவு எந்தக் காலத்திலும் தர்மக் கணக்கில் ஏறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் தொழிலுக்கு வந்தபோது வந்த பிள்ளைகளில் முக்கால்வாசி போலியோ. ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் போலியோ என்று சொல்ல மாட்டார்கள். "ஜொரம் வந்துச்சு, ஊசி போட்டாங்க, கால் வுழுந்துடுச்சு" என்பார்கள். மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு எங்கிருந்து வந்தாலும் இதே வரிதான். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. போலியோ கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி குத்தினால், குத்திய காலிலேயே வாதம் விழும் வாய்ப்புக் கூடும் என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. சாதாரண ஜுரத்துக்கெல்லாம் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்றிருந்த காலம் அது. தாய்மார்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

கால் விழுந்ததும் நேராகப் பட்டறைக்கு வருவார்களா? முதலில் புத்தூருக்குத்தான் ரயில் ஏறுவார்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம், வீட்டில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும், எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்றால் ஊரே நம்பும். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். முறிந்த எலும்புக்கு அது சரி. போலியோவில் எலும்பு முறிவதில்லை, நரம்பு சாகிறது. கட்டை அவிழ்த்த பிறகும் கால் துவண்டுதான் கிடக்கும். இதனால் புத்தூர்க்காரர்களை நான் மட்டமாகப் பேச மாட்டேன். எங்கள் தொழிலின் பாட்டனார் என்று நான் நினைக்கும் ஹ்யூ ஓவன் தாமஸே அப்படி எலும்பு கட்டுகிற பரம்பரையில் வந்தவர்தான். வேல்ஸ் பக்கத்தில் ஆங்கில்சி என்ற தீவு அவர் குடும்பத்துக்குச் சொந்த ஊர். இவர் முறைப்படி டாக்டருக்குப் படித்து லிவர்பூலில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார், 1891இல் இறந்துபோனார். தொடையில் ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி இறங்கிக் காலைத் தாங்கும் என்ற யோசனை அவருடையது. முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள் ஏராளமானவர்களை அது காப்பாற்றியது. நாங்கள் பட்டறையில் அடித்த கேலிப்பரும் அதன் வம்சம்தான்.

கேலிப்பர் செய்வதை இன்றைக்கு அதிகம் பார்க்க முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெஞ்சில் பழுப்புத் தாள் விரித்து, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தொடை இடுக்கிலிருந்து குதிகால் வரை காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுப்போம். முட்டி எங்கே, கணுக்கால் எங்கே என்று புள்ளி வைப்போம். தொடைச் சுற்றளவுக்கும் கெண்டைக்காலுக்கும் தையல்காரர் டேப். அந்தத் தாள்தான் எங்களுக்கு ஜாதகம். இரண்டு இரும்புப் பட்டையைத் தாளின்மேல் வைத்து வைத்து வளைப்போம். முட்டிக்கு நேராக ஒரு கீல். கீலின்மேல் ஒரு வளையம். பிள்ளை நிமிர்ந்து நின்றால் வளையம் தானாகக் கீழே விழுந்து முட்டியைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வளையத்தைக் கையால் தூக்கிவிட வேண்டும். தொடையில் தோல் வார், முட்டியில் தோல் மூடி, கீழே பூட்ஸின் குதிகாலில் கம்பியைச் செருகி ரிவிட். அதுவரை தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி நடந்த பிள்ளைக்குக் கை விடுதலையாகிவிடும். புத்தகப் பையை அந்தக் கையில் பிடிக்கலாம்.

இதில் ஒரு சூட்சுமம். முட்டிக்குக் கீழே பட்டையை ஒரே துண்டாக அடிக்காமல் இரண்டு துண்டாக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாகத் துளை போட்டு ஸ்க்ரூவால் முடுக்குவோம். கால் வளர்ந்தால் ஒரு துளை இறக்கலாம். ஐந்திலிருந்து பத்து வயது வரை பிள்ளை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும், அதில் பெரும்பங்கு காலில். துளை இறக்க வராத பிள்ளைக்குக் கீல் முட்டிக்குக் கீழே போய் நிற்கும்; உட்காரும்போது கம்பி ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் இழுக்கும்; தொடை வார் அறுத்துப் புண்ணாகும். அப்புறம் கேலிப்பர் பரண்மேல் ஏறிவிடும், பிள்ளை மறுபடி தவழும். பட்டறைக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகும் என்பதால்தான் வராமல் இருந்தார்கள், அலட்சியத்தால் இல்லை. கேலிப்பரை இலவசமாகக் கொடுத்த புண்ணியவான்கள் அந்த ரயில் காசையும் ஒரு நாள் கூலியையும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

பூட்ஸ் இன்னொரு தலைவலி. நம் வீட்டிலும் கோயிலிலும் பல பள்ளிக்கூடத்து வகுப்பிலும் செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைவோம். கேலிப்பரை மாட்டினால் பூட்ஸையும் சேர்த்துத்தான் மாட்ட வேண்டும், கழற்ற முடியாது. பூஜை அறைக்குள் பூட்ஸ் போட்ட பேரனை விடாத பாட்டிகளை எனக்குத் தெரியும். உகாண்டாவில் ஹக்ஸ்டெப் என்ற டாக்டர் 1960களில் பூட்ஸை விட்டுவிட்டு மரக்கட்டைச் செருப்பில் கம்பியைச் செருகி மலிவாகச் செய்து காட்டினார். ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968 வாக்கில், கால் இழந்தவர்கள் செருப்பில்லாமல் நடக்க, சம்மணம் போட, வயலில் இறங்கத் தோதான ரப்பர் காலைச் செய்தார்கள். சர்மா அதிகம் படிக்காதவர்; 1981இல் மகசாசே விருது வாங்கியது டாக்டர் மட்டும். பட்டறைக்காரன் என்பதால் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் பணம் எங்கிருந்து வந்தது? மிஷன்காரர்கள், மாதர் சங்கங்கள், சௌகார்பேட்டை சேட்டுகள். துர்காபாய் தேஷ்முக் தொடங்கிய ஆந்திர மகிளா சபா அடையாற்றில் போலியோ பிள்ளைகளுக்கென்று எலும்பு சிகிச்சை மையம் நடத்தியது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966இல் வேலூரில் அதற்கென்று தனி நிலையத்தையே திறந்தார். அங்கே போய் வந்த பிள்ளைகளின் கேலிப்பரைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். வேலை சுத்தமாக இருக்கும் என்பது ஒரு காரணம். எப்படிக் கழற்றுவது, எங்கே எண்ணெய் விடுவது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

1981ஐ ஐ.நா. சபை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தது. அதோடு எங்கள் தொழிலின் போக்கே மாறிவிட்டது. கான்பூரில் அலிம்கோ என்ற மத்திய அரசுக் கம்பெனி 1972இல் பதிவாகி, 1976இலிருந்து கேலிப்பர் உதிரிகளும் ஊன்றுகோலும் மூன்று சக்கர வண்டியும் மொத்தமாகச் செய்யத் தொடங்கியிருந்தது. 1981இல் அடிப் என்ற உதவித் திட்டம் வந்தது. சங்கங்கள் மூலம் இலவசமாக உபகரணம் கொடுக்கலாம் என்றாயிற்று. அதே ஆண்டில்தான் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர் அவர். அங்கே அளவும் மறு அளவும் ஒழுங்காக நடந்தது. ஆய்க்குடி எங்கே, மீஞ்சூர் எங்கே. எங்கள் பக்கத்துக்கு வந்தது முகாம்தான்.

பட்டறைக்குப் பிள்ளை வரும் நிலை மாறி, பிள்ளை இருக்கும் ஊருக்கு உபகரணம் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ரயில் காசு மிச்சம். அந்த ஜெய்ப்பூர் ரப்பர் காலை இலவசமாகக் கொடுக்கும் சமிதி 1975இலிருந்து நடத்திய முகாம்களில் காலையில் அளவெடுத்துச் சாயந்திரம் காலோடு அனுப்பினார்கள், பெரிய காரியம். செயற்கைக் கால் வைக்கும் பெரியவர் வளர மாட்டார், அதற்கு அந்த முறை பொருந்தும். அதே முறையைப் பிள்ளைகளுக்கும் போட்டபோதுதான் கோணியது. கல்யாண மண்டபத்தில் மேடை, தலைவர் வர மூன்று மணி நேரம் தாமதம், வண்டியின் முதுகில் "உபயம்" என்று பெயிண்டில் கொட்டை எழுத்து. பெயர் எழுதுவதற்கு இடம் தேவைப்பட்டதால் முதுகுத் துணியை ஒரு அங்குலம் உயர்த்தச் சொன்ன ஒரு நன்கொடையாளரையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு போலியோவே ஒழிந்தது. 1995இல் பல்ஸ் போலியோ சொட்டு மருந்து தொடங்கியது. 2004க்குப் பிறகு தமிழ்நாட்டில் புதிதாக ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. நாடு முழுதும் 2009இல் 741 பேர், 2010இல் 42, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தை; அதுவே கடைசி. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதற்கு முன்பே எங்கள் பட்டறையில் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. மாவுக்கட்டில் அச்செடுத்து, பிளாஸ்டிக் ஷீட்டை அடுப்பில் இளக்கி அச்சின்மேல் போர்த்தும் புது முறை வந்து, இரும்படிக்கிறவர்களுக்கு வேலை குறைந்திருந்தது. இந்த மாதிரிக் காரணத்துக்கு வேலை போனால் யாரும் அழ மாட்டார்கள். நானும் அழவில்லை.

அப்போதுதான் அதுவரை கதவுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். மூளை முடக்குவாதப் பிள்ளைகள். பிரசவத்தில் மூச்சுத் திணறியது, மாசம் நிறையாமல் பிறந்தது, மஞ்சள் காமாலை முற்றியது என்று காரணம் பல. இவர்களுக்குத் தொடைக் கம்பி உதவாது. உடம்பு விறைக்கும், அல்லது துணிபோல் சாயும், தலை நிற்காது. முதலில் உட்கார இடம் வேண்டும். சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய அமைப்பு, கோட்டூர்புரத்தில் இருக்கும் இன்றைய வித்யா சாகர், இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைக்கலாம் என்று காட்டியது. அந்த வித்தை கோட்டூர்புரத்திலிருந்து மீஞ்சூர் வந்து சேரப் பல வருஷம் ஆனது. அதற்குள் முகாமில் சக்கர நாற்காலி வந்துவிட்டது.

எந்தச் சக்கர நாற்காலி? குழாய்ச் சட்டம், நடுவில் பெருக்கல் குறிபோல் இரண்டு கம்பி, மடக்கினால் காருக்குள் போகும் நாற்காலி. 1930களில் அமெரிக்காவில், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்டுக்காக ஹாரி ஜென்னிங்ஸ் என்ற இன்ஜினியர் செய்தது. கையால் உருட்டத் தெரிந்த, கார் வைத்திருந்த, வளர்ந்த ஆணுக்காகச் செய்த அந்த வண்டிதான் ஆஸ்பத்திரிக்கும் முகாமுக்கும் பொதுவானது. உட்காரும் இடம் பதினெட்டு அங்குலம். அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நாலு வயசுப் பெண்ணை அந்த வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெண்ணின் இடுப்பு ஒன்பது அங்குலம்.

"பெரியப்பா, உக்கார வெச்சா சறுக்கிக்கினே போவுது. வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குதும்மா. உங்க வூட்டுக்காரருக்குச் சரியா இருக்கும்."

சிரித்தாள். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. தொங்கும் துணி இருக்கையில் பிள்ளை ஒரு பக்கம் சரிந்தே கிடந்தால் முதுகெலும்பு அப்படியே வளையும். சாய்ந்து கிடக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் உணவு மூச்சுக்குழலில் போகும். அடிக்கடி சளி, நெஞ்சில் கட்டிக்கொள்வது எல்லாம் அதனால்தான். அந்த வண்டிக்குள்ளேயே ஒரு சின்ன நாற்காலியை உட்கார வைத்தேன். பிளைவுட் அடி, பழைய பஸ் சீட்டுப் பஞ்சு, இரண்டு பக்கமும் இடுப்புக்குத் தடுப்பு, முட்டிகள் ஒட்டாமலிருக்க நடுவில் ஒரு கட்டை, மார்புக்கு ஒரு பட்டை, பாதம் பதியப் பலகை. இடுப்பும் முட்டியும் கணுக்காலும் மூலைமட்டம் போல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தாய் அடுத்த முறை வந்தபோது சோற்று வேளையில் இருமல் குறைந்திருக்கிறது என்றாள்.

இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. டான் ஷோண்டார்ஃபர் என்று ஒரு அமெரிக்க இன்ஜினியர். மொராக்கோவில் ஒரு பெண் தரையில் தேய்ந்தபடி சாலையைக் கடந்ததைப் பார்த்தவர், பல வருஷம் கழித்துத் தோட்டத்தில் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் சைக்கிள் சக்கரம் மாட்டி, 2001இல் நாலு வண்டியோடு வந்து இறங்கிய நாடு இந்தியாதான். பிறகு லட்சக்கணக்கில் உலகமெங்கும் கொடுத்தார்கள். மலிவு, உறுதி, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு. விமர்சனம் வந்தது, பல அளவில் கூட்டிக் குறைக்கும் மாதிரிகளைப் பிற்பாடு கொண்டுவந்தார்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி எட்டுப் படிகளை வரிசைப்படுத்தியது. வண்டியைக் கையில் கொடுப்பது அதில் ஒரு படிகூட முழுசாக இல்லை. பதிவு, அளவு, தேர்வு, பணம், தயாரிப்பு, பொருத்திப் பார்த்தல், பயிற்சி, கடைசியில் பராமரிப்பும் தொடர்ந்து பார்ப்பதும். கல்யாண மண்டபத்தில் இந்த எட்டையும் ஒரு மதியத்தில் முடித்துவிடுகிறோம்.

வண்டியைப் பாழாக்குவதில் எங்கள் ஊரின் பங்கு தனி. கடல் காற்றில் குழாய் துருப்பிடிக்கும். அனல் மின் நிலையச் சாம்பல் பேரிங்கில் போய்ப் பசையாகும். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் முன்சக்கரம் ஒரு வருஷம் தாங்கினால் அதிசயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் ஆலை எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் ஏறியதே, அப்போது ஷெட்டுக்கு வந்த வண்டிகளில் பஞ்சு முழுக்கக் கறுப்பு எண்ணெய். இரும்பை மண்ணெண்ணெயில் கழுவிவிடலாம், பஞ்சைத் தூக்கிப் போடத்தான் முடிந்தது. நிவாரணப் பட்டியலில் அரிசி, பாய், போர்வை இருந்தன. பிள்ளையின் நாற்காலிக்குப் பஞ்சு எந்தப் பட்டியலில் வரும்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றால் நன்றி கெட்டதனம். 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான், 2016 சட்டத்தில் இருபத்தொன்று. வட்டார வள மையத்தில் பிள்ளைகளுக்கு மருத்துவ முகாம் நடக்கிறது, படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுக்கே ஆசிரியர் வருகிறார். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாசம் 2,000 ரூபாய் உதவித்தொகை. மூளை முடக்குவாதத்துக்கென்றே தனி நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள். உலக வங்கிக் கடனில் நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்கள் திறக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா ஸ்ரீநிவாசன் குழு 2019இல் எழுந்து நிற்க வைக்கும் வண்டியையே கொண்டுவந்தது. எல்லாம் சரி. ஒரு ஸ்க்ரூ கழன்றால் மீஞ்சூரில் யாரிடம் போவது என்ற கேள்விக்கு இன்றைக்கும் பதில் சைக்கிள் கடைதான், இல்லாவிட்டால் என் ஷெட்.

முகாம் நடத்தும் ஒருவரிடம், பத்து வண்டிக்குப் பதில் எட்டு வண்டி கொடுங்கள், மிச்சக் காசை ரிப்பேருக்கு ஒதுக்குங்கள் என்றேன். "பெரியவரே, ரிப்பேரை எப்படி போட்டோ எடுக்கிறது?" என்றார். கிண்டலில்லை, அவர் சங்கத்துக்கு மேலிடத்தில் கணக்குக் காட்ட வேண்டும்.

ரிப்பேரின் அவசியத்தைப் புரிந்துகொண்டவர் வேறு ஒருவர். அனல் மின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "பாய்லரை வாங்கிப் போட்டுட்டு மெயின்டனன்ஸுக்கு ஆள் வேணாம்னு எவனாச்சும் சொல்வானா?" என்று கேட்டு, டியூப், பேரிங், பஞ்சு செலவை மாசா மாசம் அவரே ஏற்றுக்கொண்டார். பழைய பேரிங்கைக் காட்டாமல் புதுசுக்குக் காசு தர மாட்டார், அது தொழில் புத்தி. அவர் யோசனையில் ஒரு நோட்டுப் போட்டோம்: பிள்ளை, தேதி, இடுப்பு, தொடை நீளம், முட்டியிலிருந்து பாதம். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு அளவு, தை பிறந்ததும் ஒரு அளவு. வராத பிள்ளையின் வீட்டுக்கு அவர் தன் ஸ்கூட்டரில் டேப்போடு போய்விடுவார். அளவு பத்தாமல் போன நாற்காலியைத் திருப்பி வாங்கி அடுத்த பிள்ளைக்கு மாற்றுகிறோம். அத்திப்பட்டுப் பெண் வளர்ந்துவிட்டாள், அவள் பிளைவுட் நாற்காலி இப்போது காட்டூரில் ஒரு பையனிடம் இருக்கிறது. அவன் இடது பக்கம் சாய்கிறவன். அந்தப் பக்கத் தடுப்பில் மட்டும் ஒரு அங்குலம் பஞ்சு கூட்டி வைத்திருக்கிறேன்.